நடையும் நாடியும்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்று பெரியோர் சொல்வர். தேர்வுக் காலத்தில் கண் விழித்துப் படிக்கும் நமக்கு இதை அடிக்கடி நினைவூட்டும் பெற்றோர், தங்கள் சுவரைப் பற்றி நினைப்பதே இல்லை. தாத்தா பாட்டிமாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "வயதாகிவிட்டது, இனி ஓர் இடத்தில் உட்காருங்கள்" என்று அன்போடு நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுகிறோம். தண்ணீர்ச் செம்பும் தேநீரும் அவர்கள் இருக்கும் இடத்திற்கே வந்துவிடுகின்றன. இதுதான் மரியாதை என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவர்களுடைய இதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் இது நன்மையா, தீமையா? இக்கேள்விக்கு மருத்துவ அறிவியல் தந்திருக்கும் விடையை இக்கட்டுரையில் காண்போம்.

ஓயாத உழைப்பாளி

நம் இதயம் அவரவர் கைமுட்டி அளவே இருக்கும். வளர்ந்தவர்களின் இதயம் ஏறக்குறைய 300 கிராம் எடை உள்ளது. நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் அது ஒரு லட்சத்து மூவாயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது. நாம் ஓய்வாக இருக்கும்போதுகூட நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாள் ஒன்றுக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டருக்கு மேல் ஆகும். தண்ணீர் லாரி ஒன்று நிறையும் அளவு அது! இவ்வளவு வேலையையும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாமல், பிறந்த நாள் முதல் அது செய்து வருகிறது.

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். இவற்றுள் மிகப் பெரியது பெருந்தமனி. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்திற்கும் உணவும் பிராணவாயுவும் வேண்டுமல்லவா? அதற்கென இதயத்தின் மேல் கிரீடம்போலச் சுற்றிப் படர்ந்துள்ளவை கரோனரி தமனிகள். இவற்றில் ஒன்று அடைபட்டு, இதயத் தசையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றுவிட்டால், அதையே மாரடைப்பு என்கிறோம்.

தமனிகளுக்கு வயதாவது எப்படி?

பெருந்தமனி இரும்புக் குழாய் போன்றது அன்று. ரப்பர்க் குழாய் போன்றது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது அது விரிந்து இடம் கொடுக்கிறது. இதயம் மீண்டும் விரியும் நேரத்தில் தான் சுருங்கி, வாங்கி வைத்த இரத்தத்தை முன்னே அனுப்புகிறது. அதனால்தான் இரத்தம் விட்டு விட்டுப் பாயாமல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நெகிழ்ச்சியைத் தருவது தமனிச் சுவரில் உள்ள எலாஸ்டின் என்னும் நார்ப்பொருள். இதன் பெரும்பகுதி நாம் குழந்தையாக இருக்கும்போதே உண்டாகிவிடுகிறது. பிற்காலத்தில் புதிதாக உண்டாவது மிகக் குறைவு. அறுபது வயதாகும்போது இதயம் 200 கோடிக்கும் மேற்பட்ட முறை துடித்திருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கிய எலாஸ்டின் நார்கள் நாளடைவில் தேய்ந்து அறுபடுகின்றன. அந்த இடத்தில் கொலாஜன் என்னும் விறைப்பான நார் மிகுகிறது. ரப்பர்க் குழாய் மெல்ல மெல்ல இரும்புக் குழாயின் குணத்தைப் பெறுகிறது.

இதனால் என்ன நேரும்? விரிந்து கொடுக்காத குழாயில் இரத்தத்தைத் தள்ள இதயம் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியுள்ளது. முதியவர்கள் பலருக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு மட்டும் உயர்ந்து, கீழ் அளவு உயராமலோ குறைந்தோ இருப்பது இதனால்தான். பளு தூக்குபவரின் புயம் தடிப்பதுபோல், இதயத்தின் இடது கீழறையும் தடித்து விறைப்படைகிறது. விறைத்த இதயம் எளிதில் விரியாது. விரியாத இதயத்தில் இரத்தம் முழுமையாக நிரம்பாது. நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமனியின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று உண்டு. இரத்தம் வேகமாக ஓடும்போது இப்படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இரத்தக் குழாய்களில் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்தமைக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வயதாக ஆக இந்தச் சுரப்புத் திறனும் குறைகிறது. படலம் நலிந்த இடங்களில் கொழுப்புப் படிகிறது. புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவை இப்படிவை விரைவுபடுத்துகின்றன.

இவ்வளவும் வயதின் குற்றந்தானா? அல்லது உட்கார்ந்தே இருப்பதன் குற்றமும் இதில் கலந்துள்ளதா?

ஓட்டுநரும் நடத்துநரும்

இதற்கு முதல் விடை லண்டன் நகரத்துச் சிவப்பு மாடி பஸ்களிலிருந்து கிடைத்தது. டாக்டர் ஜெரமி மாரிஸ் என்பவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின், அந்த பஸ்களில் வேலை செய்த ஏறத்தாழ 31,000 ஆண்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்! நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களிலும் அதனால் இறந்தவர் குறைவு என்பதை மாரிஸ் கண்டார். தபால்காரர்களையும் மேசையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே தெரிந்தது. இவ்வாராய்ச்சி 1953இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது.

நல்ல விஞ்ஞானிக்கு அடையாளம் தம் முடிவையே சந்தேகிப்பது. ஓட்டுநராகச் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே பருமனாக இருந்திருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. மாரிஸ் அவர்களுடைய சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆகவே உழைப்பு ஒன்றே காரணம் என்று முடித்துவிட முடியவில்லை. ஆனால் பின்னர் பல நாடுகளில் பல்லாயிரவரிடம் நடந்த ஆராய்ச்சிகளும் உழைக்கும் உடலுக்கே சாட்சி சொல்லின. மாரிஸ் தாமும் பயிற்சியை விடவில்லை. அவர் 2009இல் தம் 99ஆம் வயதில் காலமானார்.

மூன்று வாரப் படுக்கை

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தனர். அவர்களுடைய இதயத்தின் திறனும், உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலும் வெகுவாகக் குறைந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, அவர்களுக்கு 50 வயதானபோது, அதே ஐவரையும் மறுபடி அழைத்துச் சோதித்தனர். வியப்பு என்னவென்றால், முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிதாக இருந்தது. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மிதமாகப் பயிற்சி பெற்றதும், பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றல் அவர்கள் இருபதாம் வயதில் பயிற்சியின்றி இருந்த நிலைக்கே திரும்பியது.

காய்ச்சல் தணிந்த பின்னும் வாரக்கணக்கில் பாட்டியைக் கட்டிலை விட்டு இறங்க விடாத வீடுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி உள்ளே என்ன செய்கிறது?

நாம் வேகமாக நடக்கும்போது கால் தசைகள் இரத்தம் கேட்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. தமனிகளில் இரத்த ஓட்டம் வேகம் பெறுகிறது. அந்த ஓட்டத்தின் உராய்வு தமனியின் உட்படலத்தைத் தூண்டுகிறது. நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து குழாய் விரிகிறது. நாள்தோறும் இப்படித் தூண்டப்படும் படலம் சுறுசுறுப்பை இழப்பதில்லை.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அதுவரை பயிற்சி செய்யாதிருந்த நடுவயது ஆண்களும் முதிய ஆண்களும் மூன்று மாதம் வேகநடை பழகினர். அவர்களுடைய கழுத்துத் தமனியின் நெகிழ்ச்சி ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது. விறைத்த குழாய் ஓரளவு இளகியது என்பதே இதன் பொருள்.

இன்னும் பல நன்மைகள் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவறாது பயிற்சி செய்தால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை குறைகிறது. தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்கு உறிஞ்சுகின்றன. நன்மை தரும் கொழுப்பு சற்றுக் கூடுகிறது. பயிற்சி பெற்ற இதயம் ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால், ஓய்வு நேரத்தில் மெதுவாகத் துடித்தாலே போதுமானதாகிறது.

இங்கே நம் தாய்மார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 2018இல் டல்லாஸ் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், உட்கார்ந்தே பழகிய 45 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களும் பெண்களும் இரண்டு ஆண்டுகள், வாரத்தில் 4 அல்லது 5 நாள் பயிற்சி செய்தனர். மிதமான பயிற்சியோடு தொடங்கி, படிப்படியாக வேகத்தைக் கூட்டினர். அவர்களுடைய இதயத் தசையின் விறைப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதே மருத்துவக் குழுவினர் முன்பு, 65 வயதைக் கடந்த பின் முதன்முதலாகப் பயிற்சி தொடங்கியவர்களை ஓராண்டு சோதித்தபோது, அவர்களுடைய உடல் திறன் உயர்ந்ததே தவிர இதயத்தின் விறைப்பு குறையவில்லை. முதியவர்களுக்குப் பயன் இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. மூச்சும் காலும் இரத்த அழுத்தமும் எந்த வயதிலும் சீர்படும். ஆனால் இதயத் தசையே இளக வேண்டுமானால் நடுவயதில் தொடங்க வேண்டும். அதாவது, நம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏற்ற காலம் இப்போதுதான்.

சென்னையில் ஒரு பூங்கா

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று சிலர் சொல்லலாம். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் வி. மோகன் அவர்களின் குழுவினர் 1996இல் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் ஆராய்ச்சி தொடங்கினர். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானத்தினர் வாழும் ஏஷியாட் காலனி. மற்றொன்று தியாகராய நகரில் குறைந்த வருமானத்தினர் வாழும் பாரதி நகர். நடுத்தர வருமானத்தினரிடையே நூற்றுக்கு 12.4 பேருக்கும், உடலுழைப்பு மிகுந்த பாரதி நகரில் 6.5 பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை நோய் தமனிகளின் பெரும் பகைவன் என்பதை முன்பே கண்டோம்.

மருத்துவர்கள் ஏஷியாட் காலனி மக்களுக்கு உடற்பயிற்சியின் தேவையை எடுத்துரைத்தனர். நடப்பதற்கு நல்ல இடம் இல்லை என்பதை உணர்ந்த மக்கள், தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்துக்கொண்டனர். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி செய்வோர் முன்பு நூற்றுக்கு 14.2 பேராக இருந்தனர். சில ஆண்டுகளில் அது 58.7 ஆக உயர்ந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே சர்க்கரை நோய் 12.4இலிருந்து 15.4 ஆகச் சற்றே கூடியிருந்தது. பாரதி நகரிலோ 6.5இலிருந்து 15.3 ஆகத் தாவிவிட்டது. வாழ்க்கை முறை மாறி உழைப்புக் குறைந்தால் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு நோய்க்கு இல்லை என்பதை இது காட்டுகிறது.

நம்மவர்க்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கேரளத்தில் பிறந்து, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு ஏறத்தாழ 53 வயதிலும், மற்றவர்க்கு 59 வயதிலும் வருகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஆறு ஆண்டு முன்னதாகவே! பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத வயது அது.

நம் கூடலூரில்

"நாம் மலைநாட்டவர், நமக்கு நடக்கச் சொல்லித் தர வேண்டுமா?" என்று கேட்கலாம். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமான ஊரில் வாழ்கிறோம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய ஆதிவாசி மக்கள் காட்டு வழியே நெடுந்தூரம் நடந்து பழகியவர்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சரிவில் நின்று கொழுந்து பறித்து, தலையில் சுமையோடு நிறுக்கும் இடத்திற்கு நடந்தவர்கள். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறி உழைத்த தலைமுறையும் அப்படியே.

ஆனால் அந்தத் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. நாற்பது ஆண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நின்றுவிடுகின்றன. லைன் வீட்டு வாசலிலும் தொலைக்காட்சி முன்னும் பொழுது போகிறது. முன்பு நடந்து போன தூரத்திற்கு ஜீப்பும் ஆட்டோவும் வந்துவிட்டன. அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் உள்ளன. இவை வந்தது நல்லதே. யாரும் பழைய கஷ்டத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் பயிற்சியின் பயன் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம்போல் பல ஆண்டு இருக்காது. நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். நேற்று நடந்த நடை இன்றைய இதயத்திற்குப் போதாது.

வீட்டு வேலையே போதாதா என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான அறிக்கை இதற்கு விடை தருகிறது. நம் நாடும் அதில் பங்கு பெற்றது. வாரத்திற்கு 150 நிமிடமாவது உடலை இயக்கியவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. விளையாட்டு, நடை, தொழில், வீட்டு வேலை எதுவாயினும் கணக்கில் சேர்ந்தது. ஆனால் மூச்சு சற்று விரைய வேண்டும். தண்ணீர் சுமப்பது, முற்றம் பெருக்குவது, துணி அடித்துத் துவைப்பது, தோட்டம் கொத்துவது ஆகியவை சேரும். அடுப்பின் முன் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத் தருமே தவிர, இதயத்திற்குப் பயிற்சி ஆகாது.

எவ்வளவு? எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்ய வேண்டும். நாள் ஒன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். முதியவர்கள் இத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறி விழாமலிருக்க உதவும் பயிற்சியும் செய்வது நல்லது. கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதே ஒரு வலுவூட்டும் பயிற்சிதான்.

மிதம் என்பதை எப்படி அறிவது? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை போதாது. பேசவே முடியாவிட்டால் நடை மிஞ்சிவிட்டது. நாடியைக் கொண்டும் அறியலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு தோராயமாகத் தெரியும். 60 வயதினருக்கு அது 160. அதில் பாதி முதல் 70 விழுக்காடு வரை, அதாவது 80 முதல் 112 வரை, மிதமான அளவாகும். ஆனால் இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகள் நாடியை மெதுவாக்கிவிடும். அவற்றைச் சாப்பிடுவோருக்குப் பேச்சுச் சோதனையே ஏற்றது.

நம் ஊருக்கென்று சில குறிப்புகள்:

1. செங்குத்தான ஏற்றம் முதியவர்களுக்கு மிதமான பயிற்சி அன்று, கடும் பயிற்சி. முதல் சில வாரங்கள் சமதரையில் 10 நிமிடம் நடந்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

2. நகரங்களில் விடியற்காலை நடை சிறந்தது என்பார்கள். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானை தாக்கி உயிரிழந்தோர் உண்டு. இருள் விலகுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடைக்குப் புறப்படலாகாது. நல்ல வெளிச்சத்தில், நடமாட்டமுள்ள சாலையில், துணையோடு நடப்பதே அறிவுடைமை.

3. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை நம்மை வீட்டிலேயே அடைத்துவிடும். நான்கு மாதம் நின்ற நடை பின் தொடங்குவது அரிது. 10 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் 50 முறை போய் வந்தால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடக்கவும் செய்யலாம்.

4. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெல்ல நடக்க வேண்டும். திடீரென நின்றால் சிலருக்குத் தலை சுற்றும்.

மறக்கக் கூடாதவை

பயிற்சி ஒரு மந்திரக்கோல் அன்று. தமனியில் படிந்த கொழுப்பை அது கழுவி எடுத்துவிடாது. பீடி, சிகரெட், புகையிலை போடும் வழக்கத்தை விடாமல் நடந்து மட்டும் இதயத்தைக் காக்க முடியாது. உப்பையும் ஊறுகாய், கருவாடு போன்றவற்றையும் குறைக்க வேண்டும். நடக்கிறோம் என்பதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க்கு வீடு தேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கியது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தையும் தொடங்கியது. மருந்தும் நடையும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இவ்விரண்டுமே எடுத்துக்காட்டு.

முன்பே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே பயிற்சி தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, மயக்கமோ வந்தால் உடனே உட்கார வேண்டும். பெண்களுக்குச் சில வேளைகளில் வலி அதிகமின்றி மூச்சுத் திணறல், குமட்டல், இதுவரை இல்லாத சோர்வு என்றே மாரடைப்பு தலைகாட்டும். "வாய்வுதான், சுக்குக் கஷாயம் குடித்தால் சரியாகும்" என்று காத்திருந்து உயிரை இழந்தோர் பலர். மலைப்பாதையில் மருத்துவமனைக்குப் போகவே நேரம் பிடிக்கும். வீட்டில் காத்திருந்து அதையும் வீணாக்கலாகாது. 108 ஆம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.

மாணவியரே, உங்களுக்கு

இது முதியவர்களைப் பற்றிய பாடம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பொழுதுபோக்காக ஏதேனும் பயிற்சியோ விளையாட்டோ செய்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இப்பழக்கம் எப்போது தொடங்குகிறது? ஆறாம் வகுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடிய பெண், ஒன்பதாம் வகுப்பில் "பெரிய பெண் ஆகிவிட்டாய்" என்ற சொல்லைக் கேட்டு மரத்தடியில் அமர்ந்துவிடுகிறாள். பத்தாம் வகுப்பில் விளையாட்டு வேளையும் கணக்குப் பாடமாகிவிடுகிறது. அவள் ஓட்டத்தை நிறுத்திய நாளில்தான் அவளுடைய ஐம்பதாம் வயது நோய்க்கு விதை விழுகிறது. பந்து விளையாடும் பெண்ணுக்குப் படிப்புக் கெடாது. பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அம்மா அரை மணி நேரம் நடக்க வேண்டுமானால், அந்த அரை மணி நேர வேலையை வேறு யாரேனும் செய்ய வேண்டும். பாத்திரம் கழுவ நாமும், தண்ணீர் பிடிக்கத் தம்பியும், அடுப்பைக் கவனிக்க அப்பாவும் முன்வந்தால்தான் அம்மாவுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்க மனம் வரும்.

செய்து பாருங்கள்

மணிக்கட்டில் பெருவிரலின் அடிப்பக்கமாக இரண்டு விரல்களை வைத்து 15 விநாடி நாடித் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். காலையில் எழுந்ததும் உங்கள் நாடி, அம்மாவின் நாடி, பாட்டியின் நாடி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு குறியுங்கள். மூவரும் சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். நடந்து முடித்ததும் ஒருமுறையும், ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறையும் எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நோட்டைத் திறந்து, ஓய்வு நாடி குறைந்துள்ளதா, நடந்த பின் நாடி முன்னைவிட விரைவாகப் பழைய நிலைக்கு வருகிறதா என்று ஒப்பிடுங்கள். பாட்டி நாடியைக் கொடுப்பதற்குக் கையை நீட்டும்போது, அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க உங்கள் கையையும் நீட்டுங்கள். "உட்காருங்கள் பாட்டி" என்பதைப் போலவே "வாருங்கள் பாட்டி, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்பதும் அன்பின் சொல்தான்.